‘நல்லாயிருக்கு’ என்று யாரும் அமுக்காத ஓட்டு

1. எண்பத்தைந்து

கோடை தொடங்கியிருந்த நேரம். எங்கள் தீவன மில்லின் விற்பனை மேலாளர் முத்துக்குமார் ஒரு காலையில் லேப் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். கையில் போன். முகத்தில் ஈயாடவில்லை.

“மேடம், குரூப்பப் பாத்தீங்களா? மானம் போச்சுங்க.”

ராசிபுரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் மில்லில் முட்டைக் கோழிகளுக்கான தீவனம் அரைக்கிறோம். நான் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். சேலத்தில் பி.எஸ்சி. புள்ளியியல் படித்துவிட்டு, வேறு வேலை கிடைக்கும்வரை இருப்போம் என்று இங்கே வந்து சேர்ந்தவள். பிறகு வேறு வேலை தேடவே இல்லை.

பண்ணைக்காரர்களுக்கென்று மில் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறது. நானூறு பேருக்கு மேல் இருப்பார்கள். முத்துக்குமார் முந்தைய நாள் அதில் ஒரு போல், அதாவது ஓட்டெடுப்பு, போட்டிருந்தார். ‘நம்ம புதுத் தீவனத்துல முட்டை எப்படி?’ என்பது கேள்வி. ‘நல்லாயிருக்கு’, ‘கொறஞ்சிருச்சு’ என்று இரண்டு பதில்கள். பாராட்டு வந்து குவியும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புதுப் பார்ட்டிகளுக்கு அனுப்பலாம் என்பது அவர் கணக்கு.

அறுபத்தொரு பேர் ஓட்டுப் போட்டிருந்தார்கள். அதில் ஐம்பத்திரண்டு பேர் ‘கொறஞ்சிருச்சு’.

“நூத்துக்கு எண்பத்தஞ்சு பேருங்க மேடம். மொதலாளி பாத்துட்டாரு. பழைய ஃபார்முலாவுக்கே போயிரலாமுங்கறாரு.”

அவரைவிட எனக்குத்தான் பயம். காரணம் இதுதான்: அந்தப் புது ஃபார்முலாவைப் போட்டவள் என் மகள் ஜெனி. கோழித் தீவனம் பற்றிப் படித்துவிட்டு, எங்கள் மில்லிலேயே ப்ரொபேஷனில் சேர்ந்திருந்தாள். மக்காச்சோள விலை ஏறிக்கொண்டே போனபோது, அதில் ஒரு பங்கைக் குறைத்துக் கம்பு சேர்க்கலாம் என்று முதலாளியிடம் போய்ப் பேசியது அவளேதான். அது தோற்றால் அவள் வேலை நிலைக்காது. நாமக்கல் வட்டாரத்தில் எல்லா மில்லுக்கும் எல்லா மில்லையும் தெரியும். ‘முட்டையைக் குறைத்த பொண்ணு’ என்று பேர் வந்துவிட்டால் வேறு எங்கே போய் நிற்பாள்?

இப்போதும் போனில் யாராவது ஒரு போல் அனுப்பினால், யார் யார் ஓட்டுப் போட்டார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். அது விளையாட்டுப் போலாக இருந்தாலும் சரி.

2. மேல் மூட்டை

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் கற்றுத்தருவது குத்தூசி பிடிக்கத்தான். மூட்டையைக் குத்தித் தானியத்தை வெளியே எடுத்துப் பார்க்கும் இரும்புக் குழாய் அது. லோடு வந்ததும் எல்லாரும் லாரியின் வாய்ப் பக்கம் கைக்கு எட்டுகிற மூட்டையைத்தான் குத்துவார்கள். விற்கிறவனுக்கும் அது தெரியும். அதனால் உள்ளே ஏறி, நடுவிலும் அடியிலும் குத்த வேண்டும் என்பேன்.

அன்று ஜெனி என் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள். அலுவலகத்தில் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவாள். அன்று மறந்துவிட்டாள்.

“அம்மா, அவ்வளவு பேரும் பொய்யா சொல்லுவாங்க?”

“பொய் சொல்லலை. ஆனா இது கைக்கு எட்டின மூட்டை. யார் யார் ஓட்டுப் போட்டிருக்காங்கன்னு மொதல்ல பாப்போம்.”

வாட்ஸ்அப் போலில் யார் எதை அமுக்கினார்கள் என்று பெயரோடு தெரியும். இருவரும் உட்கார்ந்து பிரித்தோம். ‘கொறஞ்சிருச்சு’ என்ற ஐம்பத்திரண்டு பேரில் புதுத் தீவனம் எடுப்பவர்கள் இருபத்து மூன்று பேர். பதினேழு பேர் எங்களிடம் பழைய தீவனத்தையே வாங்குகிறவர்கள். மீதிப் பன்னிரண்டு பேர் முட்டை வியாபாரி, தடுப்பூசி போடுகிறவர், லாரிக்காரர் என்று கோழியே வளர்க்காதவர்கள்.

‘நல்லாயிருக்கு’ என்ற ஒன்பது பேரைப் பார்த்தோம். ஜெனி சிரித்துவிட்டாள். ஒன்பது பேரும் எங்கள் சேல்ஸ் பையன்கள்.

அதாவது, நானூறு பேர் இருக்கும் குரூப்பில் ஒரு பண்ணைக்காரர்கூட ‘நல்லாயிருக்கு’ என்று அமுக்கவில்லை. எனக்கு உறுத்தியது அதுதான். எவ்வளவு மோசமான தீவனமாக இருந்தாலும் நாலு பேருக்காவது நன்றாக ஓடும். ஒருவர்கூட இல்லை என்றால், தப்பு தீவனத்தில் இல்லாமல் கேள்வியில் இருக்கலாம்.

முத்துக்குமாரைக் கூப்பிட்டேன். அவருக்கு வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு சின்னப் பண்ணை உண்டு. புதுத் தீவனம்தான் போடுகிறார்.

“உங்க பண்ணையில முட்டை எப்படிங்க?”

அவர் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஏதோ ஓடுதுங்க.”

“கொறஞ்சிருக்கா?”

“சேச்சே, கொறையலீங்க.”

“அப்ப நீங்க போட்ட போல்ல நீங்க ஏன் ஓட்டுப் போடலை?”

“என்னுங்க மேடம் நீங்க! நம்மூட்டுக் கோழி நல்லா முட்டை வெக்குதுன்னு நானூறு பேருக்கு முன்னால பேரோட போடச் சொல்றீங்களா? கண்ணு பட்டா மறுநாளே பாதிக் கோழி படுத்துக்கும். எங்கூட்டுக்காரி என்னைய ஊட்டுக்குள்ளயே உடமாட்டா!”

சொல்லி முடித்ததும் அவரே வாயை மூடிக்கொண்டார். ஜெனி குனிந்துகொண்டாள், தோள் சிரிப்பில் குலுங்கியது. நான் சேலம் டவுனில் வளர்ந்தவள். இத்தனை வருஷம் கோழிக்காரர்களோடு பழகியும் இது எனக்கு உறைக்கவே இல்லை. கோழிப் பண்ணையில் பிறந்து வளர்ந்த முத்துக்குமாரோ, போல் போடும்போது தன் ஊர்க்காரர்களையும் தன்னையும் மறந்துவிட்டார்.

3. சீட்டு

போலில் கண்டதை நான் சொன்னபோது முதலாளி செங்கோட்டுவேல் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“நீங்க சொல்றது நியாயந்தானுங்க. ஆனா பாருங்க, இது உங்க புள்ளை சமாச்சாரம். கணக்கையும் நீங்களே போட்டா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க.”

“சரிங்க சார். நான் யாருக்கும் போன் பண்ணலை. கேள்வியை மட்டும் எழுதித் தர்றேன். முத்துக்குமார் கேக்கட்டும், ஸ்பீக்கர்ல போடட்டும், நீங்க எதிர்ல உக்காருங்க. யாரைக் கேக்கணும்னு சீட்டுப் போட்டு எடுப்போம்.”

புதுத் தீவனம் எடுப்பவர்களில் முப்பது பேர், பழையது எடுப்பவர்களில் முப்பது பேர். வெயிலில் கோழி எப்படியும் முட்டையைக் குறைக்கும். அதனால் புதுத் தீவனக்காரர்களை மட்டும் கேட்டால் வெயிலின் பழியும் கம்பின் தலையில் விழும். இரண்டு பக்கமும் ஒரே வெயில்தான். ஆகவே வித்தியாசத்தைப் பார்த்தால் போதும்.

எவ்வளவு வித்தியாசம் வந்தால் நம்புவது? ஒரே நாணயத்தை நானும் நீங்களும் ஆளுக்கு முப்பது தடவை சுண்டினால் இருவருக்கும் ஒரே எண்ணிக்கை வராது. நாலைந்து முன்னே பின்னே இருக்கும். அதற்காக நாணயத்தைக் குறை சொல்ல முடியாது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கத்துக்கும் ஏழு பண்ணை அளவுக்கு இடைவெளி வந்தால், அது தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. போன் போடுவதற்கு முன்பே முதலாளியிடம் சொல்லிவிட்டேன்: “புதுசுல முட்டை கொறஞ்ச பண்ணை, பழசைவிட ஏழோ அதுக்கு மேலயோ அதிகமா வந்தா, நாளைக்கே நிறுத்திடலாம். நானே சொல்றேன்.”

ஜெனியிடம் தனியாகச் சொன்னேன். அவள் கேட்டாள்: “ஆறு வந்தா?”

“ஆறு வந்தா தொடரும். ஏழு வந்தா நிக்கும். பாத்ததுக்கு அப்புறம் எல்லையை மாத்தக் கூடாது.”

“சரிம்மா” என்றாள். நான் பெற்றவள்தான் என்றாலும் அந்தச் ‘சரிம்மா’வுக்கு அன்று அவள்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

பெயர்களை எழுதிச் சுருட்டி ஒரு காலி முட்டைக் கூடையில் போட்டோம். எடுப்பதற்கு லோடு வேன் டிரைவர் ராசு அண்ணனைக் கூப்பிட்டோம். முத்துக்குமார் ஓரமாக வந்து கிசுகிசுத்தார்.

“மேடம், ஜலகண்டாபுரத்துல நமக்கு வேண்டிய பார்ட்டி நாலு பேரு இருக்காங்க. அவங்க சீட்ட மட்டும் மேலால போட்டா...”

“போட்டா, நான் எந்திரிச்சுப் போயிருவேன்.”

ராசு அண்ணன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கையை விட்டார். “எம்பட கை ராசியான கைங்க. சாமி, நீ பயப்படாத!” என்றார் ஜெனியைப் பார்த்து. ராசி வேண்டாம் அண்ணா, கலக்கி எடுத்தால் போதும் என்றேன்.

4. ஒரே கேள்வி

‘போன மாசத்தைவிட முட்டை கொறஞ்சிருக்கா, கொறையலையா?’ இதுதான் கேள்வி. ‘நல்லாயிருக்கா’ என்ற சொல்லே கிடையாது. நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல எங்கள் பண்ணைக்காரர்களுக்குப் பயம். ஆனால் ‘கொறையலீங்க’ என்று சொல்வதில் ஒரு பயமும் இல்லை. அதில் எந்தக் கண்ணும் படாது.

இரண்டு பக்கச் சீட்டுகளையும் கலந்து, வந்த வரிசையில் அழைத்தார் முத்துக்குமார். எழுதிக் கொடுத்ததை மட்டும் கேட்க அவரால் முடியவில்லை. “அண்ணா, நல்லாத்தான இருக்கும்...” என்று ஆரம்பிப்பார், நான் மேஜையைத் தட்டுவேன். முதலாளிக்கு இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. மூன்றாவது போனிலிருந்து அவரே மேஜையைத் தட்ட ஆரம்பித்தார்.

புதுத் தீவனத்தில் முதல் ஆறு பேரில் நாலு பேர் குறைந்திருக்கிறது என்றார்கள். தம்மம்பட்டிக்காரர் ஒருவர் கால் மணி நேரம் திட்டினார்.

“ஏம்ப்பா, கம்பு நாங்க திங்கறதுக்கு. கோழிக்கு எதுக்குப் போடறீங்க? கூழ் காச்சிக் குடிக்குமா அது?”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜெனி கம்ப்யூட்டரைப் பார்த்தபடி இருந்தாள். திரை அணைந்திருந்தது.

“போதுமுங்களா மேடம்?” என்றார் முத்துக்குமார் மெதுவாக. அவருக்கும் வருத்தம்தான்.

“ரெண்டு பக்கமும் முப்பது முடியட்டும்.”

அதற்குப் பிறகு வரிசையாக வந்தது. “கொறையலீங்க.” “கொறையலீங்க, ஏன் கேக்கறீங்க?” “அதெல்லாம் கொறையல, நீங்க லோட எப்ப அனுப்பறீங்க?” ஒருவர் அரை நிமிஷம் யோசித்துவிட்டு, “கொறையலீங்க. ஆனா நாஞ் சொன்னேன்னு குரூப்ல கீது போட்றாதீங்க, சாமி” என்றார். முதலாளி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இன்னொருவர் போனை எடுத்ததும், “ஏனுங்க, நானே கூப்புடலாம்னு இருந்தனுங்க. பக்கத்து ஷெட்டுக்கும் அதையே போட்டு உடுங்க” என்றார். முத்துக்குமார் உற்சாகமாகி, “அப்ப நல்லாயிருக்குதுங்களா?” என்று கேட்டுவிட்டார். அந்தப் பக்கம் உடனே குரல் மாறியது: “அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஏதோ ஓடுது.”

புதுத் தீவனத்தில் இருபது சீட்டு முடிந்தபோது கணக்கு எங்கள் பக்கம் சாய்ந்திருந்தது. “மேடம், இதோட நிறுத்திக்கலாம், ஜெயிச்சாச்சு!” என்றார் முத்துக்குமார். நாலு பேர் குறைந்திருக்கிறது என்றபோது நிறுத்தாதவள் இப்போது மட்டும் எப்படி நிறுத்துவேன்? முப்பது முடியட்டும் என்றேன். மனசு நிறுத்திவிடு நிறுத்திவிடு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

கடைசியில் புதுத் தீவனத்தில் குறைந்தது எட்டுப் பண்ணை. பழையதில் ஏழு.

முதலாளி அந்த இரண்டு எண்களையும் கொஞ்ச நேரம் பார்த்தார். “எட்டுக்கும் ஏழுக்கும் என்னுங்க இருக்குது? வெயிலுதான். கம்பு இருக்கட்டும்.” எழுந்து போய்க் கண்ணாடியைத் தட்டினார். “பாப்பா, டீ சொல்லு எல்லாத்துக்கும். வடையும் சொல்லு.”

ஜெனி வெளியே வந்தவள் என்னைக் கட்டிக்கொண்டாள், எல்லார் முன்னாலும். ராசு அண்ணன் தன் வலது கையைத் தானே தடவிக்கொண்டு அறை முழுவதும் சுற்றிக் காட்டினார்.

5. எட்டு

டீ முடிந்ததும் ஜெனி கேட்டாள்.

“மேடம், முப்பது பேரைக் கேட்டதுல சின்ன வித்தியாசம் இருந்தா தெரியுமா?”

“தெரியாது. பெருசா கெடுதல் இல்லைன்னு மட்டும்தான் சொல்லலாம்.”

“அப்ப அந்த எட்டுப் பண்ணைக்கும் நான் போகணும்.”

நான் அதுவரை அந்த எட்டை ஒரு நல்ல எண்ணாக மட்டுமே பார்த்திருந்தேன். பதினான்கு வராமல் எட்டோடு நின்றதே என்று. அவள் மறுநாள் காலையில் ராசு அண்ணனோடு வேனில் கிளம்பினாள். நான் தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் கொடுத்தேன். ஹெல்த் மிக்ஸும் கொடுத்தேன். வேன் கேட்டைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை போன் செய்தேன்.

பெரும்பாலான பண்ணைகளில் வெயில்தான் காரணம். ஓரிடத்தில் தண்ணீர்த் தொட்டி மொட்டை வெயிலில் இருந்திருக்கிறது, கோழி அந்தச் சுடுதண்ணீரைக் குடிக்கவில்லை. மதியத்துக்கு மேல் தம்மம்பட்டியிலிருந்து, அந்தத் திட்டினவர் பண்ணையிலிருந்து கூப்பிட்டாள். பின்னால் கோழிகளின் இரைச்சலில் பாதி கேட்கவில்லை.

“அம்மா, இங்க நம்ம தப்புதாம்மா! இங்க வந்த லோடுல கம்பு ரொம்ப மாவா அரைஞ்சிருக்கு. கோழி மாவை ஒதுக்கிட்டுக் குருணையை மட்டும் பொறுக்குது. சல்லடையை மாத்தினாப் போதும், சரியாயிரும்!”

ஜெயித்த அன்றுகூட அவள் குரலில் இவ்வளவு சந்தோஷம் இல்லை. நான் அப்போதே அரவைக்காரரைக் கூப்பிட்டுச் சல்லடையை மாற்றச் சொன்னேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒரு போல் முடிவு கைக்கு வந்தால், எத்தனை பேர் என்று பார்ப்பதற்கு முன் யார் பேசவில்லை, ஏன் பேசவில்லை என்று கேளுங்கள். நீங்கள் கேட்ட கேள்விக்கு அந்த ஊர்க்காரர் வாயால் பதில் சொல்ல முடியுமா என்று பாருங்கள். எல்லையை முன்பே போடுங்கள், பிடித்தவர்களுக்காக அதை நகர்த்தாதீர்கள். கணக்கு உங்கள் பக்கம் வந்துவிட்டால் அதோடு எழுந்துவிடாதீர்கள். முப்பதில் எட்டு என்பது எனக்கு நிம்மதியாக இருந்தது. தம்மம்பட்டிக்காரருக்கு அந்த எட்டில் ஒன்று அவருடைய முழுப் பண்ணை. இதை நான் படித்த புள்ளியியல் எனக்குச் சொல்லித் தரவில்லை. வேனில் கிளம்பிப் போனவள்தான் சொல்லித் தந்தாள்.