அப்பா கட்டிய டயடம்

டயடம் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மணிமுடி என்று பொருள். ஆனால் அதன் கிரேக்க வேருக்குச் 'சுற்றிக் கட்டுவது' என்றுதான் அர்த்தமாம், ஆதியில் அது அரசர்கள் தலையில் கட்டிய வெறும் துணிப்பட்டையாம். கல்லூரி அகராதியில் இதைப் படித்ததும் வியர்வையூறிய பழம்புடவையின் வாசனை மூக்கில் ஏறியது. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான கோரமண்டல் லைனில், எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்னால், வியர்வை கண்ணில் இறங்காமலிருக்க, அம்மா பழம்புடவையில் கிழித்த பட்டையை அப்பா தலையில் கட்டி ஹெல்மெட்டை வைப்பாள். திரும்பியதும் முடிச்சை அவள்தான் அவிழ்ப்பாள். சுரங்கத்தில் பாறை வெடித்து எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் உருண்ட அன்று, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலில் நானும் அம்மாவும் வெகுநேரம் நின்றோம். ஆட்களை ஏற்றி மேலே வந்த கேஜ் லிஃப்டிலிருந்து அப்பா இறங்கினார். ஹெல்மெட் இல்லை, பட்டை இருந்தது.

“இன்னா அப்டி பாக்கற? அவுத்து வுடு, அரிக்குது.”

அம்மா முடிச்சை இழுத்துப் பார்த்தாள், அவிழவில்லை.

“அப்டியே இருக்கட்டும். வூட்டுக்கு வாங்க, மொதல்ல சோறு துன்னுங்க.”

அன்று அப்பா பட்டையோடே உட்கார்ந்து சாப்பிட்டார்.