நல்லெண்ணெய் குடித்த கிளச்

சலவை மெசின் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் நல்லெண்ணெய் கருகும் மணம்தான் வரும். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த மணத்தோடு போனது எனக்குக் கிடைத்திருந்த ஆசிரியை வேலை.

எண்பதுகளின் தொடக்கம் அது. இறுப்பிட்டி என்கிற தீவுக் கிராமத்தில் என் புருசன் வீட்டில் மூன்று பேர் இருந்தோம்: நான், மாமி, படுக்கையில் மாமா. புருசன் சவூதியில். மாமா ஒரு காலத்தில் ஊர் வழக்குகளுக்கெல்லாம் தீர்ப்புச் சொன்ன மனிசன். பாரிசவாதம் அவரை ஒரு பக்கம் அடித்துப் போட்டுவிட்டது. சாப்பாடு ஊட்ட வேண்டும், புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அதெல்லாம் பெரிதில்லை. அவர் நனைக்கிற பெட்சீற்றுகள்தான் பெரிது. ஒரு நாளில் எத்தனை முறை மாற்றினாலும் அடுத்தது நனைந்திருக்கும்.

ஊரில் உடுப்பு வெளுக்கிற குடும்பம் இருந்தது. எங்கள் வீட்டு வெள்ளை வேட்டிகளையும் கலியாணச் சீலைகளையும் அவர்கள்தான் பரம்பரையாக எடுத்துப் போவார்கள். ஆனால் மாமாவின் பெட்சீற்றை அவர்களிடம் கொடுக்க மாமி விடவில்லை.

"அவர் எப்பிடி இருந்த மனிசன்! அவற்ற பெட்சீற்றை ஊர் பாக்க நான் குடுக்கேலாது பிள்ளை" என்பார்.

மாமாவின் மானம் அப்படி என் கைக்கு வந்து சேர்ந்தது. எங்கள் கிணறு உவர்க் கிணறு. அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, தயிர் போலத் திரிந்து துணியில் ஒட்டும். கும்மிக் கும்மித் தோய்த்ததில் என் விரல் இடுக்குகள் வெடித்தன. புளிக்குக் கை வைத்தால் உயிர் போகும். குசினியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு புளி கரைத்த நாட்கள் எனக்கு மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

இதற்கிடையில் நான் ஆசிரியை வேலைக்குச் சோதனை எழுதி, நேர்முகத்துக்கும் போய்வந்திருந்தேன். எழுதும்போது மாமி ஒன்றும் சொல்லவில்லை, கிடைக்காது என்று நினைத்திருப்பார். நேர்முகம் முடிந்து வந்த அன்றுதான் கேட்டார்.

"போம் பிள்ளை, ஆர் உம்மை வேண்டாமெண்டது? ஆனா நீர் போனா மாமாவின்ர பெட்சீற்றை ஆர் தோய்க்கிறது?"

அதற்கு விடை சவூதியிலிருந்து கசெற்றில் வந்தது. அந்தக் காலத்தில் என் புருசன் கடிதம் எழுத மாட்டார். பேசிப் பதிந்து, வருகிற ஆட்களிடம் கொடுத்துவிடுவார். நானும் மாமியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கேட்போம். புருசனும் பெண்சாதியும் பேசுவதற்கு நடுவில் மாமியார் கதிரை போட்டு இருப்பது எங்கள் வீட்டில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது.

"இஞ்சேரும்" என்று தொடங்கினார். "ஒரு மெசின் கப்பல்லை போட்டிருக்கிறன். ஓட்டோமற்றிக். உடுப்பைப் போட்டு மூடினாப் போதும், அது தோய்ச்சுப் பிழிஞ்சு தரும். அது ஒழுங்கா ஓடினால் நீர் பள்ளிக்கூடம் போகலாம். என்னம்மா, உங்களுக்கும் சரிதானே?"

மாமி கசெற்றைப் பார்த்து, "ஓம் ராசா, மெசின் ஓடினால் எனக்கென்ன" என்றார். சாட்சிக்கு நான் ஒருத்திதான்.

மெசின் ஆவணிக் கடைசியில் வந்து இறங்கியது. கூடவே கரண்டை மாற்றுகிற ஒரு இரும்புப் பெட்டியும் வந்தது, இரண்டு பேர் தூக்கும் கனம். பக்கத்து வீட்டில் வான் வண்டி ஓட்டுகிற அண்ணை ஒருவர் இருந்தார். வாயாலேயே என்ஜின் கழற்றிப் பூட்டுகிற ஆள். தானே வந்து பின்பக்கத் தகரத்தைக் கழற்றி, கப்பல் பயணத்துக்காகப் பூட்டியிருந்த கட்டைகளை எடுத்தார். தகரத்தைத் திருப்பிப் பூட்டவில்லை. "காத்துப் படட்டும் தங்கச்சி, மோட்டர் சூடாகாது" என்றார். மாமி தேங்காய் உடைத்து, புதிய காருக்குச் செய்வது போல நாலு மூலைக்கும் தேசிக்காய் வைத்தார். ஓடாத வாகனத்துக்குத் தேசிக்காய் எதற்கென்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஓட்டோமற்றிக்காம்! அது குழாயில் தண்ணீர் வரும் ஊருக்குச் செய்த ஓட்டோமற்றிக். எங்கள் வீட்டில் குழாய் ஏது? மெசின் தண்ணீர் கேட்டு உறுமிக்கொண்டு நிற்கும். நான் கிணற்றடியிலிருந்து விறாந்தைக்கு வாளி வாளியாகச் சுமந்து ஊற்ற வேண்டும். தோய்க்க ஒருமுறை, அலச ஒருமுறை. உண்மையான ஓட்டோமற்றிக் நான்தான். ஆனாலும் சொல்ல வேண்டும், பிழிந்து தருகிற அந்தக் கடைசிச் சுற்றைப் பார்க்க எனக்குக் கண்ணீரே வந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட இரட்டைப் பெட்சீற்றை முறுக்கிப் பிழிந்தவளுக்குத்தான் அந்த அருமை தெரியும். ஒரு மணி நேரத்தில் கொடியில் காய்ந்துவிடும் அளவுக்குப் பிழிந்து தந்தது.

தகரம் திறந்தே இருந்ததால் உள்ளே நடப்பதை நான் குந்தியிருந்து பார்ப்பேன். கூட வந்த புத்தகத்தில் படமும் இருந்தது. அடியில் மோட்டார். அதிலிருந்து ஒரு பெல்ட் பெரிய சில்லுக்குப் போகிறது. தோய்க்கும்போது தொட்டியை ஒரு பிரேக் பிடித்து வைத்திருக்கும், நடுவில் நிற்கிற தண்டு மட்டும் அங்கும் இங்கும் திரும்பி உடுப்பை அலைக்கும். பிழிகிற நேரம் வந்தால் மோட்டார் மறுபக்கமாகச் சுற்றத் தொடங்கும். பிரேக் விட்டுவிடும், கிளச் பிடிக்கும். கிளச் என்பது வேறொன்றுமில்லை. ஒன்றை ஒன்று பார்த்தபடி இரண்டு தட்டு, நடுவில் சொரசொரப்பான ஒரு வளையம், இரண்டையும் சேர்த்து அழுத்த ஒரு ஸ்பிறிங். சுற்றுகிற தட்டு சும்மா நிற்கிற தட்டை உரசி, கொஞ்சம் வழுக்கி, மெல்ல மெல்ல இழுத்துத் தன் வேகத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஈரத்துணியோடு அவ்வளவு பாரமான தொட்டி சுழல்வது அந்த உரசலால்தான். எடுத்த எடுப்பிலேயே இறுக்கிப் பிடித்தால் பெல்ட் அறுந்து போகும், பிடிக்காமலே வழுக்கினால் தொட்டி நகராது. இதை விளங்கிக்கொண்ட அன்று எனக்கு இருந்த சந்தோசத்தை யாரிடம் சொல்வது? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் படம் கீறிக் காட்டலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

புரட்டாதியில் நியமனக் கடிதம் வந்தது. வேலணைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம், குறிகட்டுவானிலிருந்து வருகிற காலை பஸ்ஸில் போய்வரலாம். நவராத்திரி முடிந்து வருகிற திங்கட்கிழமை போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு. மாமிக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லது" என்றார். அந்த ஒரு சொல்லோடு எழும்பிப் போய்விட்டார்.

ஆயுத பூசை வந்தது. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு வீட்டிலுள்ள கருவி எல்லாவற்றுக்கும் மரியாதை நடக்கும். கத்தி, மண்வெட்டி, கிணற்றுக் கப்பி, தையல் மெசின், சைக்கிள் எல்லாம் துடைத்து, சுற்றுகிற இடங்களுக்கு எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைப்போம். நான் குசினியில் கடலை அவித்துக்கொண்டிருந்தேன். மாமி தையல் மெசினுக்கு எண்ணெய் விடுகிற நீள மூக்குக் குப்பியை எடுத்து, பூசை என்பதால் அதில் நல்லெண்ணெய் நிரப்பி, திறந்து கிடந்த பின்பக்கத்தால் கையை விட்டு, சுற்றும் என்று கண்ட இடத்துக்கெல்லாம் விட்டிருக்கிறார். பெல்ட்டுக்கு, சில்லுக்கு, கிளச்சுக்கு. கிளச்சுக்குத்தான் தாராளமாக. பிறகு முன்பக்கம் வந்து மூன்று குறி விபூதி பூசி, நடுவில் பொட்டும் வைத்திருந்தார்.

அவர் வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்லவில்லை. பக்தியோடுதான் செய்தார். எங்கள் வீட்டில் சுற்றுகிற எல்லாமே எண்ணெயால்தான் சுற்றின. உலர்ந்திருந்தால்தான் வேலை செய்வேன் என்று ஒரு சாமான் அடம்பிடிக்கும் என்று அவருக்கு யார் சொன்னது? நான் சொல்லியிருப்பேன், கேட்டிருந்தால்.

அடுத்த நாள் மெசின் தோய்த்தது. பிழிய வந்ததும் மோட்டார் ஊளையிட்டது, தொட்டி அப்படியே நின்றது. கொஞ்ச நேரத்தில் விறாந்தை முழுக்கத் தோசைக்கல்லில் விட்ட மாதிரி நல்லெண்ணெய் மணம். ஓடிப்போய் நிற்பாட்டினேன்.

"உந்தக் கண்டறியாத மெசின் ஒரு மாதம்கூட நிக்கேல்லை" என்றார் மாமி. "மெசின் ஓடினால் எண்டுதானே அவன் சொன்னவன்."

வான் அண்ணை வந்து எட்டிப் பார்த்தார். "கிளச் பிளேட் முடிஞ்சுது தங்கச்சி. சவூதியிலையிருந்து புதுசு எடுப்பிக்க வேணும்" என்றார். எண்ணெய் பட்டால் கிளச் வழுக்காதா என்று கேட்டேன். "அது வானுக்கு. இது வேறை" என்றார். என்ன வேறை? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணை, கொஞ்சம் பெற்றோல் தாங்கோ, ஒரு துண்டு அரத்தாளும் தாங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றேன்.

மெசினைச் சாக்கின் மேல் சரித்துப் படுக்கவைக்க அவர் உதவினார். பிறகு வேடிக்கை பார்க்கும் ஆளாக நின்றார். பெட்சீற்றுகளைக் கையால் தோய்த்து முடித்த நேரங்களில் நான் அதோடு மல்லுக்கட்டினேன். பெல்ட்டைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவைத்தேன். தட்டுகளைப் பெற்றோல் துணியால் துடைத்தேன். வளையம் எண்ணெய் குடித்து மினுங்கியது. அதைப் பெற்றோலில் ஊறவைத்து, வெயிலில் போட்டு, அரத்தாளால் உரசி, மறுபடி துடைத்தேன். வெடித்த விரல்களில் பெற்றோல் பட்டு எரிந்த எரிவுக்கு நான் யாரையெல்லாம் ஏசினேன் என்று இங்கே எழுத முடியாது. வெள்ளிக்கிழமை பூட்டி முடித்துக் கரண்டைப் போட்டேன். மோட்டார் மறுபக்கம் திரும்பியது. தொட்டி ஒருமுறை தயங்கி, மெல்ல அசைந்து, பிறகு விர்ரென்று எடுத்தது. நான் கைதட்டினேன். வான் அண்ணையும் தட்டினார்.

"மாமி, வந்து பாருங்கோ! ஓடுது!"

வந்து பார்த்தார்.

"ஓம், ஓடுது. இனி நிண்டால் ஆர் பாக்கிறது? உமக்குத்தானே உதின்ர கிளச் தெரியும். நீர் பள்ளிக்கூடத்திலை இருந்தால் நான் என்ன செய்ய?"

"ஓடினாப் போகலாமெண்டு சொன்னீங்களே மாமி!"

"உது தானாய் ஓடேல்லை, பிள்ளை. நீர் ஓட்டுறீர்."

மெசின் நின்றபோது நான் வீட்டில் நிற்க வேண்டும், ஏனென்றால் அது ஓடவில்லை. ஓடியபோதும் நான் நிற்க வேண்டும், ஏனென்றால் ஓடவைத்தது நான். அன்றைக்கே தபாற் கந்தோருக்கு நடந்து போய்ப் புருசனுக்குத் தந்தி அடித்தேன். மெசின் ஓடுகிறது, திங்கள் வேலைக்குப் போகிறேன், சம்மதம் சொல்லுங்கள் என்று. அவர் சம்மதிக்காமல் அந்த வீட்டுப் படலையைத் தாண்டி வேலைக்குப் போகிற துணிவு அன்றைக்கு எனக்கு இல்லை. இருந்தவர்கள் இருந்திருப்பார்கள், எனக்கு இல்லை. சனி பின்னேரம் பதில் வந்தது: அம்மா சொற்படி செய்யவும். காசு கொடுத்து அடிக்கிற தந்தியில் மனிசன் சொல்லைச் சிக்கனமாகத்தான் பாவித்திருந்தார்.

திங்கட்கிழமை காலை பஸ் சந்தியில் கோர்ன் அடித்தது எனக்குக் கிணற்றடியில் கேட்டது. வாளியை வைத்துவிட்டு, அது போகும்வரை நின்றேன். பிறகு உள்ளே போய் நீள மூக்குக் குப்பியை எடுத்தேன். மிச்ச நல்லெண்ணெய் முழுவதையும், ஒரு சொட்டு விடாமல், கிளச்சுக்கு விட்டேன். குப்பியைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தேன். இன்றைக்கும் அதற்காக எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது.

"ஐயோ, இதுக்கு ஆர் எண்ணெய் விட்டது?" என்றார் மாமி, மோட்டார் ஊளையிட்டபோது.

"நான்தான். பூசைக்கு நீங்கள் விட்டது போதாமல் போச்சு மாமி. இனி எனக்குக் கழட்டவும் ஏலாது, கையாலை தோய்க்கவும் ஏலாது." வெடித்த கைகளை அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினேன்.

ஏசினார், அழுதார், சவூதிக்குக் கசெற் பதிவேன் என்றார். நான் அசையவில்லை. பெட்சீற்றுகள் விறாந்தை மூலையில் குவிந்து நாறத் தொடங்கின. நாற்றம் படலையைத் தாண்டியதும் மாமியின் மானம் தானாக வழிவிட்டது. அந்தக் கிழமையே உடுப்பு வெளுக்கிற வீட்டு மனிசிக்கு ஆள் போனது. என் இடத்துக்கு வேறொருத்தி வந்து கையெழுத்து வைத்துவிட்டாள் என்ற செய்தியும் அந்தக் கிழமைதான் வந்தது.

மனிசி வந்து குவியலைப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை.

"என்ன நாச்சியார், உதை அப்பவே சொல்லியிருந்தா நான் நாள்தோறும் வந்து எடுத்திருப்பனே. உந்த ஒழுங்கை முடக்கிலைதானே இருக்கிறன்."

"அப்ப தேவைப்படேல்லை" என்றார் மாமி. "இவ வீட்டிலை சும்மாதானே இருந்தவ."

நான் பெட்சீற்றுகளை மூட்டையாகக் கட்டி, தூக்கி அந்த மனிசியின் தலையில் வைத்துவிட்டேன்.