விண்டோஸ் மாற்ற ஒரு குடும்ப மீட்டிங்

செவ்வாய்க்கிழமை பத்திரிகை ஆபீஸிலிருந்து போன் வந்தது. போன் என்றாலே பாதி வார்த்தையை விழுங்குகிறவள் நான். அன்றைக்குப் பார்த்து வீட்டில் வேறு யாரும் இல்லை.

"அம்மா, போன வாரம் ஏன் கையால எழுதி அனுப்பிச்சீங்க? கம்போஸிங்ல இருக்கிறவர் ரொம்பத் தடுமாறிட்டார். வழக்கம் போல டைப் அடிச்சே அனுப்பிடுங்களேன்."

"இனிமே கையாலதாங்க..." என்றேன்.

"அப்படீன்னா வாராவாரம் போடறது சிரமம்மா. ஏதாவது ஏற்பாடு பண்ண முடியுதான்னு பாருங்க."

மரியாதையான மனுஷர். கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் சேதி புரிந்துவிட்டது. டைப் அடித்தால் வாராவாரம் நான் எழுதும் இந்தப் பக்கம் எனக்கு. இல்லையென்றால் வேறு யாருக்கோ.

ஏன் டைப் அடிக்க முடியாமல் போனது? அதைத்தான் சொல்ல வருகிறேன். வீட்டு விஷயத்தை இப்படிப் பொதுவில் போடலாமா என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டுக்கு இந்தப் பத்திரிகை வாராவாரம் வருகிறது. ராசிபலன் பார்க்கிறார்கள், ஜோக் படிக்கிறார்கள். இந்தப் பக்கத்தை மட்டும் ஒருவரும் திருப்புவதில்லை. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

மயிலாப்பூரில் எங்கள் ஃப்ளாட்டின் ஹாலில்தான் மருமகள் உமாவின் டி.டி.பி. சென்டர். கல்யாணப் பத்திரிகை, கடைதிறப்பு நோட்டீஸ், கோயில் அழைப்பிதழ், கருமாதிக் கார்டு... எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்து, பிரின்ட் எடுத்து பிரஸ்ஸுக்கு அனுப்புவாள். இங்கிலீஷ் மேட்டர் அவள் கையில் பறக்கும். தமிழுக்கு ஒரு பெண்ணை வைத்திருந்தாள். அந்தப் பெண் ஒரு தை மாதம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டது. முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். உமா அழாத குறை.

நான் படித்தது அஞ்சாம் கிளாஸ். ஆனால் அந்த கீபோர்டில் சாவிக்குச் சாவி தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 'க' இருக்கிற இடத்தில் தட்டினால் 'க' வரும். இதற்கு எதற்குக் காலேஜ்?

"நான் வேணா அடிச்சுப் பாக்கட்டுமா?" என்றேன்.

உமா சிரித்தாள். பிறகு வேறு வழியில்லாமல் எழுந்து இடம் கொடுத்தாள்.

ஒரு விரலில் ஆரம்பித்தேன். போகப் போகப் பார்க்காமலே வந்தது. அந்த மாதம் ஓடியது. அடுத்த மாதமும் ஓடியது. புது ஆள் தேடும் பேச்சே அப்புறம் எழவில்லை.

கஸ்டமர் யாராவது பெல் அடித்தால் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். புது முகம் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சின்ன வயசிலிருந்தே அப்படி. உமாவும் தடுத்ததில்லை. "மேடம், தமிழ் இவ்வளவு சீக்கிரம் அடிச்சுக் கொடுத்துட்டீங்களே!" என்று அவர்கள் சொல்வது உள்ளே கேட்கும். உமா சிரிப்பாள். பொய் சொல்லவில்லையே... சிரித்தாள், அவ்வளவுதான்.

மத்தியானத்தில் மெஷின் சும்மா கிடக்கும். அப்போது எனக்கென்று நாலு வரி அடித்து அனுப்பினேன். அதுதான் இந்தப் பக்கம் ஆனது. கையால் எழுதியிருந்தால் யார் பிரித்துப் பார்த்திருப்பார்கள்? என் கையெழுத்து அஞ்சாம் கிளாஸோடு நின்று போனது. அச்சு மாதிரி வந்த எழுத்துக்கு வயசும் தெரியாது, படிப்பும் தெரியாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புது விண்டோஸ் வந்திருக்கிறது என்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலில் மீட்டிங். என் பையன் ரவி, உமா, நங்கநல்லூரிலிருந்து என் மாப்பிள்ளை. மாப்பிள்ளை கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர். அதனால் அவர்தான் தலைவர்.

"இன்னுமா இந்த டப்பாவை வெச்சிருக்கீங்க? எங்க ஆபீஸ்ல இதையெல்லாம் எப்பவோ தூக்கிக் கடாசியாச்சு."

"கஸ்டமர் கொண்டு வர்ற ஃப்ளாப்பி எதுவுமே திறக்க மாட்டேங்குதுண்ணா," என்றாள் உமா. "நேத்துகூட ஒரு பார்ட்டி திரும்பிப் போச்சு. தெருமுனையில புதுசா ஒரு சென்டர் வந்திருக்கே, நேரா அங்க போயிட்டாங்க."

ரவி எதையும் உடனே வாங்க மாட்டான். "எந்தப் புதுசும் முதல்ல கொஞ்சம் மக்கர் பண்ணும். ஊர்ல நாலு பேர் வாங்கி அடிபடட்டும். அப்புறம் பார்க்கலாம்."

"மச்சான், உன்னை மாதிரி ஆளுங்க நாலு பேர் இருந்தாப் போதும். நாமெல்லாம் இன்னும் மாட்டு வண்டியிலதான் மவுண்ட் ரோடு போயிருப்போம்!"

உமா சிரித்தாள். ரவிக்கு முகம் சுருங்கியது. உடனே ஃப்ரெண்டுக்குப் போன் போட்டான். அந்த ஃப்ரெண்ட் போடலாம் என்றார். இன்னொரு ஃப்ரெண்ட் வேண்டாம் என்றார். கீழ்வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது! இருந்தாலும் அவருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது.

எல்லோரையும் கேட்டார்கள். என்னையும் கேட்டார்கள் — இன்னும் பஜ்ஜி இருக்கா என்று.

மறுநாள் சலீம் பாய் வந்தார். மெஷினில் ஏதாவது என்றால் வந்து பார்க்கிறவர். ராயப்பேட்டைக்காரர். திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"போடலாம் மேடம். இந்த மெஷின் தாங்காது, மாத்தணும். அது மேட்டர் இல்ல. உங்க தமிழ் சாப்ட்வேர் கீது பாருங்க, அது ரொம்பப் பழசு. புதுசுல ஓடாது. வேற தமிழ்தான் போடணும். அதுல எல்லாம் இங்கிலீஷ் கணக்கு. இங்கிலீஷ் எழுத்தத் தட்டுனா தமிழ் வரும். இந்த ஸ்டிக்கர் எதுவும் வேலைக்கு ஆவாது. இங்க தமிழ் யாரு அடிக்கிறது?"

நான் சமையலறை வாசலில் காபி டம்ளரோடு நிற்கிறேன்.

"நாங்கதான் பாய்... மாத்தி மாத்தி அடிப்போம்," என்றாள் உமா.

சலீம் பாய் நாற்காலியைப் பார்த்தார். முதுகுக்கு முட்டுக் கொடுத்த என் தலையணை. மானிட்டர் மேலே என் மூக்குக்கண்ணாடிக் கூடு.

"இது யாருதும்மா?"

"அத்தையோடது. சும்மா உக்காருவாங்க. டைம் பாஸ்."

டைம் பாஸ்.

எத்தனை பேர் வீட்டுக் கல்யாணம் என் விரல் வழியாகப் போயிருக்கும்? எத்தனை பேரின் பதினாறாம் நாள்? பெயரில் ஒரு எழுத்து தப்பினால் சண்டைக்கு வருவார்களே என்று திரும்பத் திரும்பப் பார்த்ததெல்லாம் டைம் பாஸ்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "காபி ஆறுது பாய்," என்றேன்.

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டே உமாவிடம் சொன்னார்: "நா ஒண்ணு சொல்றேன். பழச விக்காதீங்க. ஒரு ஓரமா வச்சிக்கினு புதுச தனியா வாங்குங்க. அம்மா பாட்டுக்கு அதுல அடிச்சிக்கினு இருக்கட்டும்."

"எங்க வைக்கிறது பாய்? இடமே இல்லையே!"

ஹாலில் ஆறு பேர் உட்காரும் டைனிங் டேபிள் இருக்கிறது. அதில் பழைய பேப்பர்தான் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் ரவி உடம்பு இளைக்க வாங்கிய சைக்கிள். அதில் ஈரத்துண்டு காய்கிறது. எனக்கு ஒரு ஸ்டூல் அளவு இடம் கிடையாது.

சரி, பெற்ற பிள்ளையிடமாவது சொல்வோம் என்று மறுநாள் காலை அவன் ஷேவ் பண்ணும்போது பக்கத்தில் போய் நின்றேன்.

"ரவி, அந்தப் பழைய மெஷினை நான் வெச்சுக்கறேனே..."

"உனக்கு எதுக்கும்மா?"

"எனக்குப் புதுசு வராதுப்பா. அது இங்கிலீஷாமே."

"வராட்டிப் போகட்டும். இந்த வயசுல கண்ணைக் கெடுத்துக்கிட்டு எதுக்கு உனக்கு இந்த வேலை? பேசாம ரெஸ்ட் எடு." கண்ணாடியைப் பார்த்தபடியே கன்னத்தை இழுத்துவிட்டு, "சட்னி அரைச்சிட்டியா?" என்றான்.

ரெஸ்ட் எந்த வேலையிலிருந்து என்று கவனித்தீர்களா? சட்னியிலிருந்து ரெஸ்ட் கிடையாது. சாம்பாரிலிருந்து கிடையாது. எனக்கு எது பிடித்திருக்கிறதோ அதிலிருந்து மட்டும் ரெஸ்ட்!

புது மெஷின் வந்தது. பழையது எக்ஸ்சேஞ்சில் போனது. ஆட்டோ பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டினார்கள். கீபோர்டை மேலே செருகினார்கள். ஸ்டிக்கரைக்கூட யாரும் உரிக்கவில்லை.

நான் முயற்சி பண்ணவில்லை என்று நினைக்காதீர்கள். பண்ணினேன். இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியும். பஸ் போர்டு, மருந்து டப்பா என்று பார்த்துப் பழகியதுதான். ஆனால் எந்த எழுத்துக்கு எந்தச் சத்தம் என்று யார் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? 'ண' வேண்டுமென்றால் பெரிய 'என்' எழுத்தாம், 'ன' வேண்டுமென்றால் சின்ன 'என்' எழுத்தாம். 'ழ'வுக்கு இங்கிலீஷின் கடைசி எழுத்தாம். உமா பொறுமையாகத்தான் சொன்னாள். "ரொம்ப ஈஸி அத்தை. நீங்க இங்கிலீஷ்ல நினைச்சுக்கங்க, தமிழ்ல வந்துடும்."

இங்கிலீஷில் நினைக்கத் தெரிந்தால் நான் ஏனம்மா இந்த வீட்டில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருக்கிறேன்?

கதையைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுத்தைத் தேடப் போகிறேன். திரும்பி வருவதற்குள் கதை ஓடிவிடுகிறது. பழைய ஃப்ளாப்பிகளைப் போட்டுப் பார்த்தேன். நான் அடித்து வைத்ததெல்லாம் பூச்சி பூச்சியாகத் தெரிகிறது. உமா எட்டிப் பார்த்து, "ஃபான்ட் இல்ல அத்தை, அதான்," என்றாள். அவ்வளவு சுலபமான காரணம்.

இப்போது தமிழ் அடிக்க டிப்ளமா முடித்த ஒரு பெண் அடையாறிலிருந்து பஸ்ஸில் வருகிறது. நல்ல பெண். என் நாற்காலியில் உட்காருகிறது. நான் காபி கொண்டு போய் வைக்கிறேன். "தேங்க்ஸ் பாட்டி," என்கிறது. முன்னால் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை போல.

அந்தப் பெண்ணிடம் கொடுத்து அடித்துக்கொள்ளலாமே என்பீர்கள். கேட்டேன். "மேடத்தைக் கேட்டுச் சொல்றேன் பாட்டி," என்றது. மேடம், "வேலை கொஞ்சம் குறையட்டும் அத்தை," என்றாள். முகூர்த்த மாசத்தில் வேலை எப்போது குறையும்? அதுவும் தவிர, இன்னொருத்தி படித்துக்கொண்டே அடிப்பாள் என்றால், இதையெல்லாம் நான் எழுதுவேனா?

புதுசு நல்லதா, கெட்டதா என்று எல்லோரும் வாதாடுகிறார்கள். நல்லதுதான். கலர் கலராக வருகிறது. திரும்பிப் போன கஸ்டமர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். உமா முகம் தெளிந்திருக்கிறது. அவள் பிழைப்பு, அதில் நான் மண்ணைப் போடவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். மாற்றலாமா என்று ஊரைக் கேட்டீர்களே... அந்த நாற்காலியில் உட்காருகிறவளைக் கேட்க வேண்டாமா?

எனக்கு இது புதிதில்லை. முன்பு என் வீட்டுக்காரர் கிரைண்டர் வாங்கினார். அவர், அவர் தம்பி, கடைக்காரர் மூன்று பேரும் கூடிப் பேசிப் பெரியதாகப் பார்த்து எடுத்தார்கள். மாவு அரைக்கிறவள் நான். அந்தக் குழவியைத் தூக்கிக் கழுவ எனக்குத் தெம்பு இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. முதுகுக்குத் தலையணை வைக்க ஆரம்பித்தது அப்போதிலிருந்துதான். உங்கள் வீட்டிலும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அடுப்பைத் தேர்ந்தெடுத்தவர் அதன் முன்னால் ஒரு நாளாவது நின்றிருக்கிறாரா?

இதை நீங்கள் அச்சில் படிக்கிறீர்கள் என்றால், ஆபீஸில் யாரோ கண் வலிக்க என் கிறுக்கலைப் படித்து அடித்திருக்கிறார். அவருக்குக் கும்பிடு. அடுத்த வாரமும் அவருக்குக் கண் தாங்குமா, தெரியாது. என்னைக் காணவில்லை என்றால், செத்துப்போய்விட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். ரெஸ்டில் இருக்கிறேன்.

நேற்றுக் காலை ரவி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினான். என் முகம் ஒரு மாதிரி இருப்பது அவனுக்கே தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

"கவலையே படாதேம்மா. இனிமே வரப் போற கம்ப்யூட்டர்ல கீபோர்டே வேண்டாமாம். நீ பேசினாப் போதும், அதுவே கேட்டு அதுவே அடிச்சுடுமாம்!"

நான் பேசினால் கேட்குமாமே... இந்த வீட்டில் இதுவரை ஒருவருக்கும் அந்த வசதி கிடையாது.