கடைசிப் பெட்டி பாக்கி

அந்தத் தெருவில் அண்ணனுக்கு இரும்பு என்று பட்டப்பெயர், தங்கைக்குத் தகரம். இரண்டும் தொழிலால் வந்தவை. முன்பக்கம் அண்ணனின் இரும்புக்கடை. அதைத் தாண்டி, சாய்த்து வைத்த ஏணிகளில் இடித்துக்கொள்ளாமல் உள்ளே போனால் ஒரு சின்ன அறை. அங்கேதான் தகரக்கா உட்கார்ந்து, முடுக்கி விட்டால் ஓடுகிற பழைய தகரப் பொம்மைகளை வாங்கி, துடைத்து, சுருள்வில்லுக்கு எண்ணெய் விட்டு விற்றுக்கொண்டிருந்தாள். தாளம் தட்டும் குரங்கு, தத்தும் தவளை, ஒரு சக்கரம் மட்டும் சண்டித்தனம் பண்ணும் தீயணைப்பு வண்டி. வயதான குழந்தைகளுக்கான கடை என்று அண்ணன் கிண்டலடிப்பார். வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருந்ததால் அதை மறுக்கவும் வழியில்லை.

ஆரம்பத்தில் அவள் உயிரை வாங்கியவர்கள் 'எடுத்து வைங்க' கூட்டம். வருவார்கள், பொம்மையைக் கையில் எடுப்பார்கள், கண்ணில் ஒத்திக்கொள்ளாத குறைதான். "யாருக்கும் குடுத்துடாதீங்க, எனக்கு எடுத்து வைங்க, சனிக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்" என்பார்கள். எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். ஒருவருக்காக ஒரு ராட்டினப் பொம்மையை எத்தனையோ மாதம் அலமாரியின் அடித்தட்டில் ஒளித்து வைத்திருந்தாள். கடைசியில் ஒருநாள் வந்தார்.

"அது இன்னும் இருக்காம்மா?"

"இருக்கு சார். உங்களுக்காகத்தான் வச்சிருக்கேன்."

"ரொம்ப சந்தோஷம். அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றே அந்த ராட்டினத்தை எடுத்து எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி நடுத்தட்டில் வைத்தாள். வாரம் முடிவதற்குள் வேறொருவர் வாங்கிப் போனார். அதற்குப் பிறகு யார் எடுத்து வைக்கச் சொன்னாலும், "எடுத்துட்டுப் போனா உங்களுது. வச்சா கடையோடது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாள். சிலர் கோபித்துக்கொண்டார்கள். போகட்டும். கோபித்துக்கொண்டவர்களில் ஒருவர்கூட அதுவரை ஒரு தவளை வாங்கியதில்லை.

செக் வேறு விதமான தலைவலி. சின்னச் சாமான்களுக்கு ஆட்கள் போனிலேயே பணம் அனுப்பிவிடுவார்கள். பெரிய தொகை என்றால், அதுவும் கொஞ்சம் வயதான சேகரிப்பாளர் என்றால், சட்டைப் பையிலிருந்து செக் புத்தகம் வெளியே வரும். பேனாவைத் திறக்கும் தோரணையைப் பார்த்தால் நாமே எழுந்து நின்றுவிடுவோம். அப்படி ஒருவர் இரண்டு ஆகாய விமானங்களுக்குச் செக் கொடுத்தார். மறுநாளே கணக்கில் வரவு என்று போனில் குறுஞ்செய்தி வந்தது. தகரக்கா ஆசையாக விமானங்களைப் பஞ்சு சுற்றி அனுப்பிவைத்தாள். கொஞ்ச நாளில் பேங்க் அந்தப் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

"வந்த பணம் எப்படிங்க திரும்பப் போகும்?" என்று கவுன்டரில் போய்ச் சண்டை போட்டாள்.

"வரவு வச்சோம்மா. இன்னும் பாஸ் ஆகல. ரெண்டும் வேற வேற" என்றாள் கவுன்டரில் இருந்த பெண். அவள் மேல் தப்பில்லை. ஆனாலும் தகரக்காவுக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது.

இரண்டாவது செக்கில் கையெழுத்து பொருந்தவில்லை. கேட்டால், "வயசாச்சும்மா, கை நடுங்குது" என்றார் அந்த மனிதர். பேரம் பேசியபோது அந்தக் கை நடுங்கியதாகத் தெரியவில்லை. மூன்றாவது செக் மூடிப்போன கணக்கிலிருந்து வந்தது. அன்றைக்கு அண்ணன் பொறுமை இழந்தார். அறையும் அவருடையது, அவள் தொழில் தொடங்கப் போட்ட பணமும் அவருடையது. பேச அவருக்கு உரிமை இருந்தது.

"இங்க பாரு பாப்பா. பக்கத்துல ஸ்கூல் இருக்கு, ஆபீஸ் இருக்கு. ஜெராக்ஸ் போடுறவன் ஒருத்தன் இந்த ரூம கேட்டுக்கிட்டே இருக்கான். மாசம் பொறந்தா வாடகை வரும். இன்னும் ஒரு செக் திரும்பி வந்துச்சுன்னா, நீ பொம்மைய எல்லாம் மூட்டை கட்டிட வேண்டியதுதான்."

"இனிமே வராது அண்ணா."

"அத எழுதிக் குடு."

"எழுதிக் குடுத்தா நீ அதையும் செக்குன்னு நினைச்சுக்குவ" என்றாள். அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

அந்த அறை போனால் தன் பிழைப்பே போச்சு என்று அவளுக்குத் தெரியும். பொம்மைகளை வீட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்து எவனுக்கு விற்பது? பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயந்தபடியே உட்கார்ந்திருக்கிற ஜாதி இல்லை அவள். தன்னிடம் வருகிறவர்களைப் பற்றி யோசித்துப் பார்த்தாள். ஆறு பேர் கொண்ட ஒரு தகரப் பேண்டு வாத்தியக் குழுவை வாங்கியவர் ஒருவர் இருந்தார். அதில் மத்தளக்காரன் மட்டும் இல்லை. "மத்தளக்காரன் வந்தானா?" என்று வாரம் தவறாமல் போன் பண்ணிக்கொண்டிருந்தார். மகள் கல்யாணத்தன்றுகூடப் பண்ணினார். ஐந்து பேர் வாசிக்கிறார்களே என்ற திருப்தி அவருக்குக் கிடையாது. ஒன்று குறைகிறது என்ற அரிப்புதான் இருந்தது.

அதிலிருந்து பிறந்தது அவளுடைய சட்டம். செக் கொடுக்கிறவர் யாராக இருந்தாலும் சாமானில் ஒன்று கடையில் தங்கும். விமானம் என்றால் அதன் விசிறி. குரங்கு என்றால் ஒரு கைத்தாளம். செட் என்றால் கடைசி உருப்படி. செக் பாஸ் ஆனதும் அவள் செலவிலேயே அனுப்பிவிடுவாள். இது அற்புதமாக வேலை செய்தது. கை நடுங்குகிற மனிதர் மறுபடி வந்து ஒரு கப்பல் வாங்கினார். அதன் கொடிமரம் அலமாரியில் நின்றது. இந்த முறை கையெழுத்து அச்சடித்த மாதிரி பொருந்தியது.

சந்தையில் இதைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். வாராவாரம் கூடுகிற பழைய பொருள் சந்தை அது. அங்கே பொம்மையும் சுவர்க் கடிகாரமும் விற்கிற ஒருவர் உண்டு. எல்லாரும் கடிகாரக்காரர் என்பார்கள். "முட்டைய வித்துட்டு மஞ்சக்கருவ மட்டும் வீட்ல வச்சுக்கிற பொம்பள" என்று நாலு பேர் நடுவில் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்றது. அதிலிருந்து அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

இப்படி இருக்கையில்தான் அவள் கடையில் ஒரு தகர ரயில் விற்பனைக்கு வந்தது. எஞ்சின், ஐந்து பெட்டிகள், பச்சைக்கொடி பிடித்த கார்டு நிற்கிற கடைசிப் பெட்டி, எல்லாம் அதனதன் குழியில் உட்கார்ந்திருக்கும் மூல அட்டைப்பெட்டி. கையிலிருந்ததை வழித்துப் போட்டு அதை வாங்கியிருந்தாள். அதைக் கேட்டு வந்தவர் வெயிலிலும் கோட்டு கழற்றாத ஒருவர். பேரமே பேசவில்லை. அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். செக்கை எழுதி நீட்டினார். தகரக்கா கார்டு பெட்டியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, என்ன நம்பலையா?"

"உங்கள நம்புறேன் சார். உங்க செக்கத்தான் எனக்கு இன்னும் பழக்கமில்ல."

கோட்டுக்காரர் சிரித்தார். "சரி, உன் இஷ்டம்" என்று மிச்சத்தை எடுத்துக்கொண்டு போனார்.

செக் திரும்பி வந்தது. கணக்கில் பணமில்லை.

அண்ணன் ஒன்றும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஜெராக்ஸ்காரனை வரச்சொல்லி அறையை அளந்து பார்க்கவிட்டார். அவன் அளவு நாடாவை அலமாரிக்குக் குறுக்கே பிடித்தபோது தகரக்கா நகர்ந்துகூடக் கொடுக்கவில்லை.

"அந்த ஆளு வருவாருண்ணா. கார்டு பெட்டி இல்லாம அந்த ரயில அவரால பாத்துக்கிட்டு இருக்க முடியாது. மாசக் கடைசி வரைக்கும் பொறு."

"போலீஸ்ல எழுதிக் குடுன்னா கேக்க மாட்டேங்கிற. தகரப் பெட்டி அவன இழுத்துட்டு வரும்ங்கிற."

புகாரும் எழுதிக் கொடுத்தாள். ஆனால் நம்பிக்கை என்னவோ பெட்டி மேல்தான் இருந்தது. கோட்டுக்காரருக்குப் போன் பண்ணி, பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், "உங்க கார்டு பெட்டி பத்திரமா இருக்கு சார்" என்றாள். "சரிம்மா" என்று வைத்துவிட்டார். மறுபடி பண்ணினாள். இந்த முறை எடுக்கவே இல்லை. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அந்த ஆளுக்கு அரிப்பே இல்லை. அவர் சேகரிப்பாளரே இல்லை. ஓசியில் வாங்கி எங்காவது காசுக்குத் தள்ளிவிடுகிற ஆள். உலகத்தில் எல்லாருக்கும் ஒன்று குறைந்தால் தூக்கம் வராது என்று நினைத்துக்கொண்டிருந்த தன் மூளையை என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பொம்மைகளோடு பழகிப் பழகி வந்த வினை. அண்ணன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

சந்தை நாளன்று போன் அடித்தது. கடிகாரக்காரர்.

"தகரக்கா, கோவத்த அப்புறம் வச்சுக்கோங்க. ஒரு ரயில் வித்தீங்களா? கார்டு பெட்டி இல்லாம?"

"விக்கல. ஏமாந்தேன்."

"ஆளு என் முன்னாடிதான் உக்காந்திருக்காரு. விலை பேசுறாரு. கடைசிப் பெட்டி எங்கன்னு கேட்டேன், தொலைஞ்சு போச்சுங்கிறாரு. தொலையல, அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்னு சொல்லிட்டேன். சீக்கிரம் வாங்க."

அண்ணனே கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு வண்டியை எடுத்தார். பின்னால் தகரக்கா, மடியில் கார்டு பெட்டியும் திரும்பி வந்த செக்கும். அவர்கள் போனபோது கடிகாரக்காரர் ரயிலைத் தன் மேஜைக்கு அடியில் தள்ளி, அட்டைப்பெட்டி மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோட்டுக்காரர் எதிரில் வியர்த்துக்கொண்டிருந்தார்.

"பேங்க்ல ஏதோ குழப்பம்மா" என்று ஆரம்பித்தார்.

கடிகாரக்காரர் காலை எடுக்க, தகரக்கா குனிந்து ரயிலை வெளியே இழுத்தாள். அட்டைப்பெட்டியைத் திறந்து, காலியாக இருந்த ஏழாவது குழியில் கார்டு பெட்டியை வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. சுற்றி நின்ற வியாபாரிகள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள், பிறகு கோட்டுக்காரரைப் பார்த்தார்கள்.

"எனக்கு எதுக்கு இந்தத் தகரம்? நீயே வச்சுக்க" என்று எழுந்தார் அவர்.

"அதத்தான் சார் நானும் சொல்ல வந்தேன். போலீஸ்ல கேப்பாங்க, அங்கயும் இதயே சொல்லுங்க" என்றாள். அவர் போகும்போது செக்கைத் திருப்பிக் கேட்கக்கூட மறந்துவிட்டார். அதை அவளும் நினைவுபடுத்தவில்லை.

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று அண்ணன் கடிகாரக்காரரைக் கேட்டார்.

"இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? பழைய செட்டுல ஒண்ணு தொலைஞ்சா எது வேணா தொலையும். இதுல எல்லாம் இருக்கு, கடைசி மட்டும் இல்ல, குழி தூசியில்லாம சுத்தமா இருக்கு. உங்க தங்கச்சி கடைச் சாமான்னு சந்தையில எவனும் சொல்லுவான். செக் பாஸாகலன்னு எழுதி ஒட்டின மாதிரிதான்." கொஞ்சம் தயங்கிவிட்டு அவளைப் பார்த்து, "அன்னிக்கு முட்டைன்னு ஏதோ சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

"வச்சுத்தான் இருந்தேன். இப்ப எடுத்துட்டேன்."

"இந்த ரயில எனக்கே குடுங்களேன். எங்கிட்ட ஆளு இருக்கு. விலைய நீங்களே சொல்லுங்க."

சொன்னாள். அவர் ஒப்புக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து செக் புத்தகத்தை எடுத்தார். தகரக்கா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. குனிந்து, கார்டு பெட்டியைக் குழியிலிருந்து எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏய், அவரு இவ்வளவு பண்ணியிருக்காரு" என்று அவள் முழங்கையைப் பிடித்தார்.

"அவரு பண்ணினாருண்ணா. செக் இன்னும் ஒண்ணும் பண்ணலயே."

கடிகாரக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "விடுங்கண்ணே. எனக்கு மட்டும் சட்டத்த மாத்தினா, நாளைக்கு ஒண்ணு குறையிற செட்டப் பாத்தா அது காசு வராத சாமான்னு எவனுக்குத் தெரியும்?"

அந்தச் செக் பாஸ் ஆனது, கார்டு பெட்டி போய்ச் சேர்ந்தது. மாதமும் முடிந்தது. ஜெராக்ஸ்காரன் வரவில்லை. அறையைப் பற்றி அண்ணனும் வாயைத் திறக்கவில்லை, கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ள அவளுக்கும் மனசில்லை. அலமாரிக் கண்ணாடியைத் துடைக்கும்போதெல்லாம் இது எத்தனை நாளைக்கோ என்று மட்டும் நினைத்துக்கொள்வாள்.

ஒருநாள் காலையில் முன்கடையில் பெரிய வியாபாரம். புதிதாக வந்த கான்ட்ராக்டர் ஒருவர், கட்டி முடிக்கிற அடுக்குமாடிக்கு வேண்டிய கதவுப் பூட்டு அத்தனையும் மொத்தமாக வாங்கினார். வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு போனார். பின் அறையில் தகரக்கா தவளைக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். ஏணிகளை விலக்கிக்கொண்டு அண்ணன் உள்ளே வந்தார். கையில் கனமான ஒரு துணிப்பை. அதை அவள் மேஜை மேல் வைத்தபோது கலகலவென்று சத்தம் கேட்டது.

"என்னண்ணா இது?"

"சாவி."

"எதுக்கு?"

"அந்தப் பூட்டு எல்லாத்துக்கும்." அண்ணன் அவளைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். "அந்த ஆளு செக் குடுத்திருக்கான். பாஸ் ஆகிற வரைக்கும் உன் அலமாரியில பூட்டி வை. இனிமே இந்த மாதிரி அடிக்கடி வரும், ஒரு தட்ட காலி பண்ணிக்கோ."