பத்திரம் முடியுமுன் காய்ச்சிய பால்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. கோவில்பட்டியில், போன ஆனி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை. ஆனந்தி இதைச் சொல்லும்போது தலை நிமிர்ந்து சொல்வதில்லை. பயத்தால் அல்ல, வெட்கத்தால்.

வீடு வாங்குவது சந்தையில் கத்தரிக்காய் வாங்குவது மாதிரி என்றுதான் அவளும் அவள் கணவன் பாலகணேஷும் நினைத்திருந்தார்கள். பங்குனியில் அட்வான்ஸ் கொடுத்தார்கள். சித்திரையில் குடியேறிவிடலாம் என்று கனவு. சித்திரையில் பார்த்தால் மூலப்பத்திரத்தைக் காணோம், நகல்தான் இருக்கிறது. வைகாசியில் வில்லங்கச் சான்றில் பெயர்ப் பிழை. அப்புறம் வங்கிக்காரர்கள் இன்று வா, நாளை வா என்று இழுத்தடித்தார்கள். ஆனி பாதி கழிந்தபோது எல்லாம் சரியாகி ஒரே ஒரு கையெழுத்து பாக்கி நின்றது.

அது நாகலாபுரத்தில் இருந்தது. வீட்டை விற்கும் சோலைமுத்து அண்ணாச்சியின் தங்கை பேச்சித்தாய்க்கும் வீட்டில் பங்கு உண்டு. ஏதோ பழைய மனத்தாங்கல், அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை. அண்ணாச்சிக்கோ மனைவி போய்ச் சேர்ந்து பல வருடம். பிள்ளை குட்டியும் கிடையாது.

"நான் போய் அவ கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வாரேன். பேங்க் ஆளு மறுபடி அளக்க வந்தா தொறந்து காட்டுங்க" என்று சாவியை ஆனந்தி கையில் கொடுத்துவிட்டு அண்ணாச்சி பஸ் ஏறினார்.

ஆனந்திக்கோ ஆடிக் கவலை. ஆடி பிறந்துவிட்டால் புது வீட்டில் பால் காய்ச்ச முடியாது. ஆனியிலேயே காய்ச்சி வைத்துவிட்டால், ஆடியில் சாமான் ஏற்றினாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். முன்பே ஒருமுறை அண்ணாச்சியிடம் கேட்டும் பார்த்தாள். "பத்திரம் முடியட்டும் தாயி. இது இன்னும் என் பொஞ்சாதி வெளக்கேத்துன வீடு" என்று நயமாகத்தான் மறுத்தார்.

இப்போது அவர் ஊரில் இல்லை. சாவி இவள் கையில் இருக்கிறது.

"தப்புல்லா ஏட்டி?" என்றான் பாலகணேஷ்.

"காய்ச்சிட்டுப் பூட்டிட்டு வந்துருவோம். யாருக்குத் தெரியப்போவுது?"

அவர்களுக்காக ஒரு மனுஷன் தங்கை காலில் விழப் போயிருக்கிறார். அவர் வீட்டுக்குள்ளேயே இவர்கள் திருட்டுத்தனமாகப் பால் காய்ச்சப் போனார்கள். புத்தி அப்படிப் போயிற்று.

விடியுமுன் போய்விட்டார்கள். அக்கம்பக்கம் பார்க்கக் கூடாதென்று வெளி லைட் போடவில்லை. கதவை உள்ளே தாழிட்டார்கள். அண்ணாச்சியின் அடுப்பையே துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்துப் பாலை ஏற்றினாள் ஆனந்தி. அப்போது மணி நாலு நாற்பது.

நேரம் போனது. பால் பொங்கவில்லை. அடுப்பு முழு வேகத்தில் எரிகிறது. ஒரு குமிழிகூட இல்லை.

ஆனந்தி பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

டக்... டக்...

வாசல் கதவு. ஆனால் தட்டுகிற சத்தம் மேலே இருந்து வரவில்லை. கீழே, முழங்காலுக்கும் கீழே. படுத்துக்கொண்டு யாரோ தட்டுவது போல...

"தாயி..."

அண்ணாச்சி குரல்.

"மொத பஸ்ஸே இன்னும் வந்திருக்காதே..." பாலகணேஷ் காதோடு சொன்னான்.

"தாயி... தண்ணி தா. நாக்கு ஒட்டுது."

ஆனந்தி கதவருகே போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். திறந்தால் என்ன சொல்வது? தலையில் மல்லிகைப்பூ, உடம்பில் பட்டுச்சேலை, அடுப்பில் பால்... எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவரைப் பார்ப்பது?

கையை எடுத்துவிட்டாள்.

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

டக்...

டக்...

நின்றுவிட்டது.

பின்னால், அடுப்பில், பால் ஒரே மூச்சில் பொங்கி வழிந்தது.

மிச்சப் பாலைச் சாக்கடையில் ஊற்றினார்கள். அடுப்பைக் கழுவினார்கள். கதவைத் திறந்தபோது வெளியே ஒருவரும் இல்லை. ராத்திரிக் காற்றில் படியெல்லாம் கரிசல் தூசி படிந்திருந்தது. அதில் உள்ளே போன இவர்கள் காலடிகள் மட்டும்தான்.

ஏழு மணிக்கு போன் வந்தது. வியாழக்கிழமையே அண்ணாச்சிக்கு முடியாமல் போய், தங்கை வீட்டுக் கட்டிலில் கிடந்திருக்கிறார். விடியற்காலையில் உயிர் போய்விட்டது.

வீடே வேண்டாம் என்று சொல்லிவிட ஆனந்தி துடித்தாள். சொன்னால் ஏன் என்று கேட்பார்களே! வாயை மூடிக்கொண்டாள். வாரிசுச் சான்று, மறுபடி வங்கி, மறுபடி வில்லங்கம் என்று தை மாதம் ஆகிவிட்டது. பேச்சித்தாய் ஒரு வார்த்தை முரண்டு பிடிக்காமல் பதிவு அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டாள். "நல்ல பிள்ளைய, அவியள அலைய விடாதன்னு எங்கண்ணன் கேட்டுக்கிட்டாரு" என்றாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளிடம் ஆனந்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பேச்சித்தாய் அதைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அன்னைக்கு விடியக்காலம் எங்கண்ணன் கட்டில் சட்டத்தத் தட்டிக்கிட்டே கெடந்தாரு தாயி. கண்ணு மூடியிருக்கு. என்னண்ணேன்னு கேட்டேன். 'எங்க வீட்டு வாசல்ல நிக்கேன், உள்ள ரெண்டு பேரு இருக்காவ, மூச்சு விடுத சத்தம் கேக்கு'ங்காரு. காச்சல்ல ஒளறுதாருன்னு நெனச்சேன்."

பேச்சித்தாய் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாக்கு வறண்டு போச்சேன்னு தண்ணி கொண்டுபோய் வாயில வச்சேன். வேண்டாம்னு தள்ளிவிட்டுட்டாரு. 'அந்தத் தாயிகிட்ட கேட்டிருக்கேன், இப்பக் கொண்டாந்துருவா'ன்னாரு. அதுக்காவக் காத்துக் கெடந்துதான் தாயி உசுரு போச்சு."