காயமடைந்தோர்: இல்லை

பொய் எழுதியவன் நான்தான். சட்டசபையில் வைக்கப்பட்டு, பத்திரிகையில் அச்சாகி, ஊரெல்லாம் படித்த பொய் அது. அதை எழுதிய கைதான் இப்போது உங்களுக்கும் எழுதிக்கொண்டிருக்கிறது.

இத்தனை வருடம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். பயம்! வேறென்ன சொல்வேன்? பல்லி விழுந்தாலே பதறுகிறவன் நான். அதற்காக என்னை மன்னித்துவிடாதீர்கள். பயந்தவர்கள் எல்லோரும் பொய் எழுதிவிடவில்லையே.

ஐம்பதுகளின் கடைசியில் உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு வருவாய் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. என்றைக்கு வேண்டுமானாலும் வீட்டுக்கு அனுப்பலாம். அந்த எண்ணத்தோடுதான் தினமும் நாற்காலியில் உட்காருவேன்.

ஓர் அறுவடையின்போது ஏரிக்கரைக் களத்தில் கூலித் தகராறு. கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் கதிரடிப்போம் என்று ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். நிலக்காரர் சொல்லியனுப்ப, போலீஸ் வந்தது. பயிர்க் கணக்குப் பார்க்கப் போன நான் வரப்பின்மேல் நின்றிருந்தேன். பட்டப்பகல்! கன்னியப்பன் என்ற கூலியாளின் தலைக்கு நேரே தடி இறங்கியது. தடுக்க இடக்கையைத் தூக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது... இன்னும் கேட்கிறது.

ஆனால் வழக்கு கன்னியப்பன்மேல் விழுந்தது. போலீஸ்மேல் கல்லெறிந்தானாம், போலீஸ் அவனைத் தொடவே இல்லையாம்! அவன் எறியவில்லை. களத்தில் கல்லே கிடையாது. சாணி மெழுகிய தரை அது.

சில நாட்களில் சட்டசபையில் ஒரு கேள்வி எழுந்தது. எந்தெந்த ஊரில் போலீஸ் தடியை உபயோகித்தது, எத்தனை பேருக்குக் காயம்? ஸ்டேஷனிலிருந்து ஒரு பதில் போகும். நாங்கள் தனியாக விசாரித்து இன்னொரு பதில் அனுப்பவேண்டும். இரண்டும் ஒத்திருந்தால் அதுதான் சர்க்காரின் பதில், மறுபேச்சு கிடையாது. அந்தப் படிவம் என் மேசைக்கு வந்தது. கண்ணால் கண்டவனின் மேசைக்கே வந்தது!

எப்படியோ கேள்விப்பட்டு கன்னியப்பன் வந்தான். முறிந்த கையை மூங்கில் பத்தை வைத்துத் துணியால் கட்டியிருந்தான். ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு கேட்டான்.

"சாமி, நீங்க வரப்பு மேல நின்னுக்கினு இருந்தீங்க இல்ல? எல்லாத்தையும் பாத்தீங்க. எம் பேர எய்திடுவீங்களா?"

"எழுதுகிறேன், போ" என்றேன். எழுதவும் எழுதினேன். காயமடைந்தோர்: ஒருவர். நம்புங்கள், முதலில் அப்படித்தான் எழுதினேன்.

தலைமைக் குமாஸ்தா அதைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னாய்யா இது? ஸ்டேஷன்லேர்ந்து இல்லைன்னு வந்துகீது, நீ ஒருத்தன்றே. நாளைக்கி யாருய்யா பாத்ததுன்னு கேப்பான். போய் நிப்பியா? நான் ஒண்ணும் சொல்லல. உன் வேலை, உன் பாடு. யோசிச்சி எய்து."

கவனித்தீர்களா? அவர் மாற்றச் சொல்லவில்லை. பழியை அவர்மேல் போட எத்தனையோ முறை முயன்று பார்த்துவிட்டேன், முடியவில்லை. புதுப் படிவம் எடுத்தவன் நான். 'இல்லை' என்று எழுதி, மை காய ஊதியவனும் நான்!

அத்தோடு நின்றிருந்தால் ஒரு கோழைக் குமாஸ்தாவின் கதை என்று நீங்கள் எழுந்து போய்விடலாம். நிற்கவில்லையே...

ஒரு மாதம் கழித்துப் பத்திரிகையில் பதில் வந்தது. உத்திரமேரூர் பஸ் நிற்குமிடத்தில், பாய் டீக்கடையில் நாஷ்டாவுக்கு இட்டிலி தின்றுகொண்டிருந்தேன். கன்னியப்பன் பேப்பரை எடுத்துவந்து என்முன் நீட்டினான். அவனுக்குப் படிக்கத் தெரியாது.

"இதுல வந்துகீதாமே சாமி. எம் பேரு கீதா பாருங்க."

பார்த்தேன். எங்கள் வட்டாரத்துக்கு நேரே, காயமடைந்தோர் எவரும் இல்லை என்றிருந்தது. உள்ளபடி படித்தால் அடுத்து என்ன கேட்பான்? 'நீங்க எய்தறேன்னு சொன்னீங்களே சாமி?' கடையில் நாலு பேர் இருந்தார்கள். கேட்டுவிடுவானே என்று உடம்பெல்லாம் வேர்த்தது.

"பேரெல்லாம் போடமாட்டார்கள். ஒருவருக்குக் காயம் என்று போட்டிருக்கிறது" என்றேன்.

"அந்த ஒருத்தன் நான்தான்!" என்று கத்தினான். அப்படி ஒரு சிரிப்பை அவன் முகத்தில் நான் பார்த்ததே இல்லை. கடைக்காரரிடம் கெஞ்சி அந்தப் பேப்பரை வாங்கினான். நாலாக மடித்து இடுப்பில் செருகினான். அது எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

எதற்கு என்று வாய்தா நாளன்றுதான் தெரிந்தது. ஆபீஸ் காகிதக் கட்டு ஒன்றை ஒப்படைக்க, அவன் வழக்கு நடந்த கோர்ட்டுக்கே போயிருந்தேன். அவன் மனைவி அஞ்சலை வாசலில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"சாட்சி சொல்ல ரெண்டு பேரு வரேன்னாங்க சாமி. கவர்மெண்டே பேப்பர்ல போட்டுடுச்சி, நீங்க எதுக்குக் கூலிய வுட்டுட்டு வரணும், வூட்டுக்குப் போங்கன்னு இதுதான் அனுப்பிடுச்சி."

இரண்டு சாட்சிகள்! அவனிடம் இருந்ததே அவ்வளவுதான். அவர்களை அனுப்பியது அவனா? நானல்லவா அனுப்பினேன்!

அப்போதும் நேரம் இருந்தது, தெரியுமா உங்களுக்கு? அவன் பெயரை இன்னும் கூப்பிடவில்லை. உள்ளே போய், 'நான் பார்த்தேன்' என்று இரண்டே சொல்... என் வேலை போயிருக்கும். பொய்யறிக்கை தந்ததற்காக என்மேலேயே வழக்கு வந்திருக்கும். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவனைக் கூப்பிட்டார்கள்.

பேப்பரை எடுத்து, மடிப்பை நீவி, இரண்டு கையாலும் கொடுத்தான். இடக்கை சரியாகக் கூடவில்லை, மணிக்கட்டு கோணியிருந்தது. கோர்ட் குமாஸ்தா உரக்கப் படித்தார்: எவரும் இல்லை. யாரோ சிரித்தார்கள்.

"இதில் உனக்குக் காயம் என்று போட்டிருப்பதாக யார் சொன்னது?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

கன்னியப்பன் திரும்பினான். தூணோரம் நின்ற என்னைப் பார்த்தான். எவ்வளவு நேரம் பார்த்தான்? சொல்லப் போகிறான், சொல்லிவிட்டான் என்றே நினைத்தேன்.

"யாரும் சொல்லலீங்க. நானாத்தான் நெனச்சிக்கினேன்" என்றான்.

மூன்று மாதம் உள்ளே போட்டார்கள். என்னைப் பார்த்த அந்தக் கண்ணில் இருந்தது இரக்கமா? சொன்னாலும் யார் நம்பப்போகிறார்கள் என்ற சலிப்பா? இரக்கம் என்று நினைத்துக்கொண்டால் தூக்கம் வரும் என்று பல நாள் அப்படி நினைத்துப் பார்த்தேன். வரவில்லை.

அவன் உள்ளே இருந்தபோதே என் வேலை நிரந்தரமாயிற்று. ஆபீசில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். ஆம், கொடுத்தேன்!

விடுதலையாகி ஒரு வாரத்தில் ஆபீசுக்கு வந்தான். என்னை அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! சண்டைக்கே வரவில்லை. ஜன்னலண்டை நின்று, குரலை உயர்த்தாமல் கேட்டான்.

"சாமி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எவனுக்கும் காயம் இல்லைன்னு எய்தினாங்களே, அத்த எய்தினது யாரு?"

அறையில் வேறு யாரும் இல்லை. வேலை கைக்கு வந்துவிட்டது. வழக்கும் முடிந்துவிட்டது. நான் பயப்பட அங்கே ஒன்றுமே இல்லை... ஒன்றுமே! 'நான்தான்' என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஸ்டேஷனில் எழுதியது" என்றேன்.

"அப்டிங்களா சாமி" என்று சொல்லிவிட்டுப் போனான். பிறகு நான் ரிட்டயர் ஆகிறவரை எந்தக் காரியத்துக்கும் என் மேசைப் பக்கம் வரவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பான், எப்போதும்போல.

தெரிந்துதான் கேட்டானோ? இன்றைக்கும் வாசலில் யாராவது 'சாமி' என்று கூப்பிட்டால் நான் எழுந்து போவதில்லை. வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லிவிடுகிறேன்.