நெடுந்தீவுப் படகில் இரண்டு ஜாஸ் தட்டுகள்

பழைய ஜாஸ் இசைத்தட்டுகளின் மறுபதிப்பை நம்பி வாங்கலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லக்கூடாதென்று, போன மாதம் நெடுந்தீவு யேசுதாசன் அண்ணையிடம் ஒரு சாக்ஸபோன் தட்டின் முதற்பதிப்பை இரவல் வாங்கினேன். கப்பலில் எஞ்சினியராக இருந்த அவர் இப்போது மாடு வளர்க்கிறார். தட்டை நானே கையில் கொண்டுவந்து தரவேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

யாழ்ப்பாணத்தில் அதே தட்டின் மறுபதிப்போடு மாற்றி மாற்றிக் கேட்டேன். மறுபதிப்பு துடைத்துவிட்டதுபோல் சுத்தம். பேஸ் நெஞ்சில் இடித்தது. பழையதில் பொரிகிற சத்தம். வாசிப்பவர் மூச்சிழுப்பதுகூடக் கேட்டது. அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. புதியதே மேல் என்று தொலைபேசியில் சொன்னேன். இரண்டையும் கொண்டுவரச் சொன்னார். அவருடைய பிளேயர் சோலார் பற்றரியில் ஓடுகிறது, மின்சார உறுமல் இல்லை.

பழைய உறையின் விளிம்பு பிரிந்திருந்தது. அதனால் அவருடைய தட்டை என் தடித்த புது உறையிலும், என்னுடையதைப் பழைய உறையிலும் வைத்தேன். அதிபுத்திசாலி அல்லவா நான்!

நெடுந்தீவுப் படகு புறப்படும் குறிகட்டுவானுக்குக் காலை பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். இறங்குதுறையில் சனம் நெரிந்தது. நெடுந்தீவுப் படகில் சாமான்களைக் கைமாற்றி எஞ்சின் பெட்டிமேல் அடுக்குவது வழக்கம், அலை தெறிக்காத இடம் அதுதான். இரண்டு கையிலும் சாமானோடு நிற்க முடியாது, ஒன்றைத் தரும்படி படகுக்காரர் கேட்டார். புது உறையைக் கொடுத்துவிட்டுப் பழையதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

கரை மறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எஞ்சின் சூட்டில் கிடப்பது அண்ணையின் தட்டு. இடையில் அரிசி மூட்டை, சைக்கிள், மடியில் பிள்ளைகள். சூடு பட்டால் தட்டு நெளிந்துவிடும். அதை எடுத்துத் தரும்படி கத்தினேன்.

"இப்ப எழும்ப ஏலாது, தம்பி. ஆழம் தாண்டட்டும்," என்றார் படகுக்காரர். "அதிலை ஒரு துளியும் நனையாது, பயப்பிடாதையும்."

ஒரு மணி நேரம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தன்வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை அடுத்தவர் தட்டைச் சுட்டது.

அண்ணை வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் தன் தட்டைப் போட்டார். அது நெளிந்து சுழல, ஊசி ஏறி இறங்கியது. முதற்பாட்டில் தாண்டித் தாண்டி ஓடியது. மூன்றாவது பாட்டில் ஊசி நிலைத்தது. அந்த அமைதியில், வாசிப்பவர் மூச்சை இழுப்பது நான் இருந்த கதிரைக்குப் பக்கத்தில் கேட்டது. எனக்கு மயிர் கூச்செறிந்தது.

பிறகு என்னுடையதைப் போட்டோம். தாண்டவில்லை, பொரியவில்லை. இரைச்சலோடு மூச்சையும் துடைத்திருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் முன் நான் காதைத் தீட்டிக் காத்திருந்தேன், வரவேயில்லை.

பின்னேரப் படகைத் தவறவிட்டால் அங்கேயே தங்கவேண்டும். நேரத்தை முதலிலேயே விசாரியுங்கள். தட்டைச் செங்குத்தாக, மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபதிப்பு வாங்கலாமா? பொரிச் சத்தம் பிடிக்காதவர்கள் தாராளமாக வாங்கலாம்.

புறப்படும்போது அண்ணை நெளிந்த தட்டைப் பிரிந்த உறைக்குள் வைத்துக்கொண்டார். புதியதைப் புது உறையில் போட்டு என்னிடம் நீட்டினார். கோபம் இருக்கவில்லை.

"நல்ல சுத்தமான சத்தம்," என்றார். "உமக்கு இது போதும்."